முன்னூறைக் காட்டிப்போட்டுக் கதை

யாகோப்பு பேர்லினை விட்டுப் போன நாள் 1995 ஒக்ரோபர் பதினாலு, சனிக்கிழமை. நொய்கெல்ன் பகுதியில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ரேகல் விமான நிலையத்துக்குப் போனார்கள். தேவாலயத்து ஆட்கள், முருகன் கோயில் ஆட்கள், தமிழ்க் கடைக்காரர், அவரோடு அலுவலகங்களைத் துப்புரவு செய்தவர்கள் என்று இரண்டு வேன் நிறைந்திருந்தது. அவருடைய கூட்டாளி பரா என்ற பரராசசிங்கம் மட்டும் போகவில்லை. அந்த நேரம் அவர் ஒரு காருக்கு அடியில், குளிர்ந்த சீமெந்தில் மல்லாந்து கிடந்து, கியர்பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இதை எனக்குச் சொன்னது அம்மா. அம்மாவும் வேனில் போனவர்.

"அவன்ர மனுசி வெரோனிக்கா அழுதழுது சுத்திச் சுத்திப் பாத்தாள். யாகோப்பு ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. பெட்டியெல்லாம் குடுத்து முடிஞ்சாப் பிறகுதான் என்னட்டைக் கேட்டது, 'அவன் வேலைக்கோ போட்டான் அக்கா?' எண்டு. சனிக்கிழமையிலை பராவுக்கு என்ன வேலை?"

அப்போது நான் பேர்லினில் இல்லை; அவர்கள் இருவரையும் பெயரளவில்தான் தெரியும். தென் அமெரிக்காவில் எங்கோ ஒரு பஸ்ஸுக்குள் இருந்திருப்பேன். 1997 இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தபோது என்னுடைய அறை தம்பியின் அறையாகியிருந்தது. பரா அண்ணை குடியிருந்த பின்வளவுக் கட்டடத்தில் ஓர் அறை வெறுமையாகக் கிடக்கிறது என்று அம்மா சொன்னார். இரண்டு கிழமைக்கு என்று போனேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே நிலம் அதிர்ந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். வளவின் மூலையில் இருந்த கராஜில் ஒரு மண்ணிறக் கார், அகலமான மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு உறுமியது. எதிர்வீட்டு ஜேர்மன் பெண் யன்னலைப் படாரென்று சாத்தினாள். காருக்குப் பக்கத்தில் எண்ணெய் படிந்த மேலங்கியோடு நின்ற மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீர் யோகம் அக்காவின்ர மகளல்லே? கன நாடு சுத்தினனீராம். அடுத்தது எங்கை?"

"தெரியாது அண்ணை."

"அப்ப கீழை வந்து இந்த லைற்றைக் கொஞ்சம் பிடியும்."

அப்படித்தான் அவருடைய கதைக்குள் நான் போனேன்.

பரா அண்ணைக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். 1985இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்து இறங்கியவர். அகதிகள் விடுதியில் இவருக்கு மேல் கட்டிலில் படுத்தவர்தான் மன்னாரிலிருந்து வந்த யாகோப்பு. இவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார், பிறகு ஒரு ரயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். யாகோப்பு வெரோனிக்காவைக் கட்டிக்கொண்டு பக்கத்துப் படிக்கட்டுக்குக் குடிபோனார். பரா அண்ணைக்கும் ஊரிலிருந்து பெண்களின் படங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் "இந்த வருசம் போகட்டும்" என்றார். பிறகு படங்கள் வருவது நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து யாகோப்பு குடும்பம் வரும். மீன்குழம்பும் சோறும் வரும். அதுவே அவருக்குக் குடும்பமாகப் போதுமாக இருந்தது.

1994இல் அமெரிக்கப் படைகள் பேர்லினை விட்டுப் போனபோது ஒரு சார்ஜன்ட் தன்னுடைய டொட்ஜ் காரைக் கொண்டுபோக மனமில்லாமல் மலிவாக விற்றார். 1971ஆம் ஆண்டுக் கார், எட்டுச் சிலிண்டர், இறுகிப்போன எஞ்சின். நண்பர்கள் இருவரும் பாதிப் பாதியாகப் போட்டு அதை வாங்கினார்கள். காரோடு ஒரு பழைய விளம்பரப் புத்தகமும் வந்தது. அதில் எஞ்சின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் முன்னூறு குதிரைவலு என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து யாகோப்பு கராஜ் சுவரில் ஒட்டினார். நான் போன காலத்திலும் அது அங்கேதான் இருந்தது.

எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்ட ஒரு வருடம் எடுத்தது. பரா அண்ணை கையால் வேலை செய்தார், யாகோப்பு வாயால் வேலை செய்தார். லைற்றைப் பிடித்துக்கொண்டு, பிஸ்டனுக்கு ஒரு பகிடி, வால்வுக்கு ஒரு பகிடி என்று விடிய வந்தால் பொழுதுபட மட்டும் கதை. "அவன் பேசாமல் இருந்தா எனக்கு நட்டு எந்தப் பக்கம் சுத்துறது எண்டே மறந்துபோகும்" என்றார் பரா அண்ணை.

எஞ்சின் ஓடியது. ஆனால் ஓடினால் போதாது என்றார் யாகோப்பு. முன்னூறும் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். மரியென்டோர்ஃப் பக்கம் கிளாவிட்டர் என்ற ஜேர்மன்காரர் ஓர் உருளைமேடை வைத்திருந்தார். நிலத்துக்குள் பதித்த இரும்பு உருளைகள்தான் அந்த மேடை. பின்சக்கரங்களை அவற்றின் நடுவில் இறக்கி, காரைப் பட்டிகளால் நிலத்தோடு இழுத்துக் கட்டி, முழுப் பலத்தோடு ஓடவிடுவார்கள். கார் ஓர் அங்குலமும் நகராது. சக்கரம் உருளையைச் சுற்றுகிற பலத்தைக் கருவி கணக்கிட்டு ஒரு வளைகோடாகத் தாளில் கீறித் தரும்.

1995 செப்ரெம்பரில் ஒரு நாள் பதிவு செய்தார்கள். அன்று காலை யாகோப்பு தமிழ்க் கடைக்குப் போய்விட்டு ஒரு பிளாஸ்ரிக் பையோடு வந்தார்.

"என்னடா அது?"

"தேசிக்காய். சில்லுக்குக் கீழை வைச்சு நசிச்சுக்கொண்டு போறதுதானே உங்கட ஆக்களின்ர வழக்கம்."

"வேண்டாம். அங்கை வெள்ளை சிரிப்பான்."

"நான் அந்தோனியாரை உள்ளுக்கு ஒட்டிப்போட்டன். உன்ர சாமிக்கு ஒண்டுமில்லாட்டிப் பிறகு கோவிக்கும்."

"வேண்டாமெண்டா வேண்டாம், யாகோப்பு."

யாகோப்பு தோளைக் குலுக்கிவிட்டு அந்த இரண்டு எலுமிச்சைகளையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேடையில் பரா அண்ணை ஸ்ரியரிங்குக்குப் பின்னால் இருந்தார். கிளாவிட்டர் கண்ணாடி அறைக்குள் நின்றார். யாகோப்பு காருக்குப் பின்னால் நின்றார். கை காட்டியதும் பரா அண்ணை அழுத்தினார். எஞ்சின் கத்தியது. முள் ஏறியது. ஆனால் எஞ்சின் ஏறிய வேகத்துக்கு உருளை ஏறவில்லை. கிளாவிட்டர் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தச் சொன்னார். தாளில் வளைகோடு பாதி வழியில் பல்லுப் பல்லாக உடைந்து விழுந்திருந்தது. நூற்றி நாற்பத்தொன்று.

"கிளச் வழுக்குகிறது" என்றார் கிளாவிட்டர்.

"நூற்றி நாப்பத்தொண்டோ? டேய், எங்கட மன்னார் பஸ் இதைவிட இழுக்குமடா!"

"கிளச் புதுசு. நான்தான் போட்டனான்."

"அதைத்தானே நானும் சொல்லுறன். நீதான் போட்டனீ."

"யாகோப்பு, வெள்ளை நிக்கிறான்."

"நிக்கட்டும். அமெரிக்கன்ர கையிலை முன்னூறு, உன்ர கை பட்டோண்ண அரைவாசி. மிச்சக் குதிரையளை என்னடா செய்தனீ, அவிச்சுத் திண்டனியோ?"

கிளாவிட்டருக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனாலும் யாகோப்பு கத்திய விதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பரா அண்ணை பத்து வருடத்தில் முதல் தடவையாக நண்பரைத் தோளில் பிடித்துத் தள்ளினார். யாகோப்பு பஸ்ஸில் போகப்போவதாகச் சொல்லி வாசலுக்கு நடந்தார். அங்கே நின்று திரும்பி, அதுவரை பேச்சில்லை என்பதுபோலச் சொன்னார்:

"முன்னூறைக் காட்டிப்போட்டுக் கதை."

அடுத்த ஞாயிறு மீன்குழம்பு வரவில்லை. அந்தக் கிழமைதான் பரா அண்ணை கடையில் யாரோ சொல்லி அறிந்தார், யாகோப்பு குடும்பத்துக்குக் கனடாக் கடிதம் கோடையிலேயே வந்துவிட்டது என்று. வெரோனிக்காவின் தமையன் ரொறன்ரோவிலிருந்து கூப்பிட்டிருந்தார். இவரிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் பரா அண்ணை ஒரே நாளில் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு துண்டு. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார், எஞ்சினைப் பார்த்துச் சொல்வார். சுவரில் ஓர் ஆணியில் வட்டமான தகடு ஒன்று தொங்கியது. நான் அலங்காரம் என்று நினைத்தேன். அதுதான் அன்றைய கிளச் தகடு. யாகோப்பு விமானம் ஏறிய சனிக்கிழமை இவர் கழற்றியது.

"எரிஞ்ச அடையாளம் ஒண்டும் இல்லைப் பாரும்" என்று அதை எடுத்து என் கையில் தந்தார். "வழுக்கின கிளச் நீலம் பாரிச்சு, கருகி மணக்கும். இது புதுசு மாதிரி. எண்டாலும் வழுக்கினது வழுக்கினதுதானே. எங்கையோ நான் பிழை விட்டிருக்கிறன். அது என்னெண்டுதான் பிடிபடேல்லை."

வேறு கிளச் வாங்கிப் பூட்டினார். 1996 வசந்தத்தில் திரும்ப மேடைக்குப் போனார், தனியாக. இந்தத் தடவை கோடு உடையவில்லை. நூற்றித் தொண்ணூற்றாறு. அவருக்கு அது சந்தோசமாக இருக்கவில்லை. கிளச்சை மாற்றியதும் சரிவந்துவிட்டது என்றால் முதல் பூட்டிய கிளச்சில்தான் பிழை, அதைப் பூட்டிய கை தன்னுடையது. அன்று பின்னேரமே ரொறன்ரோவுக்கு ரெலிபோன் எடுத்தார். வெரோனிக்கா எடுத்தாள்.

"அவர் வேலைக்குப் போட்டார் அண்ணை. வந்தோண்ண எடுக்கச் சொல்லுறன்."

"கிளச்தான் எண்டு சொல்லுங்கோ. என்ர பிழைதான் எண்டு சொல்லுங்கோ."

"என்ன கிளச் அண்ணை?"

"நீங்கள் சொல்லுங்கோ. அவனுக்கு விளங்கும்."

யாகோப்பு எடுக்கவில்லை. தான் கராஜில் நிற்கும்போது எடுத்திருப்பாரோ என்று யோசித்து, அடுத்த கிழமை ஒரு பதிவுக்கருவி வாங்கி ரெலிபோனோடு பூட்டினார். 'பரராசசிங்கம் இப்போது வீட்டில் இல்லை, செய்தியை விடவும்' என்று ஜேர்மன் மொழியில், அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வாசிப்பது போன்ற குரலில் பேசி வைத்தார். ரயர் கடை முதலாளியும் என் அம்மாவும் காப்புறுதிக்காரரும் அதில் செய்தி விட்டார்கள்.

நான் வந்த காலத்தில் அவர் நூற்றித் தொண்ணூற்றாறை முன்னூறாக்கிக்கொண்டிருந்தார். எஞ்சினுக்குள் காற்று போகிற வழியை அரத்தால் ராவி அகலமாக்குவார். கார்புரேட்டரில் பெற்றோல் வருகிற சின்னத் துளையை மாற்றுவார். தீப்பொறி விழுகிற நேரத்தை மயிரிழை முன்னுக்குத் தள்ளுவார். பழைய புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக நீளக் குழாய் வைத்துத் தானே ஒட்டினார். ஒன்று கூட்டினால் இன்னொன்று குறையும். நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை மேடைக்குப் போவார். ஏழு குதிரை கூடும். ஒருமுறை மூன்று குறைந்தது. அந்தக் கிழமை முழுவதும் அவர் கராஜைத் திறக்கவில்லை. வளவில் அந்த அமைதி எதிர்வீட்டுப் பெண்ணைத் தவிர ஒருவருக்கும் பிடித்திருக்காது.

ஞாயிறு மத்தியானம் என்னை ஏற்றிக்கொண்டு ரெம்பெல்ஹோஃப் வரை ஓடுவார். என் பக்கத்து இருக்கை கடைசி மட்டும் பின்னால் தள்ளியிருந்தது. யாகோப்பு நெடுத்த மனிதர். எனக்குக் கால் எட்டவில்லை, குழந்தைப்பிள்ளை மாதிரித் தொங்கியது. முன்னுக்கு இழுக்கக் குனிந்தேன்.

"விடும். அது அப்பிடியே இருக்கட்டும்."

கண்ணாடிக்குக் கீழே அந்தோனியார் மூலை சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

அதுவரை பயணம் போன எந்த ஊரிலும் நான் மூன்று மாதம் நின்றதில்லை. இந்த மனிதர் நகராத உருளைக்கு மேல் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. 1998 மே மாதம் அடுத்த அளவைக்குப் போனபோது நானும் வருகிறேன் என்று ஏறினேன்.

கிளாவிட்டர் பழக்கப்பட்ட ஆளைப் போல அவருக்குக் கைகொடுத்தார். கார் கட்டப்பட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். கோடு ஒரு நடுக்கமில்லாமல் ஏறி வளைந்து இறங்கியது. இருநூற்றி இருபத்தெட்டு. கிளாவிட்டர் தாளைக் கிழித்துத் தந்து, "இதற்குமேல் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று சிரித்தார். பரா அண்ணை தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன்.

"அவருக்கு முன்னூறு வேண்டும்."

"முன்னூறா? எதற்கு?"

"விளம்பரப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது."

கிளாவிட்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "இவ்வளவு நாளும் அதையா தேடினீர்கள்? ஏன் என்னிடம் கேட்கவில்லை? அந்தக் காலத்தில் அமெரிக்காவில் எஞ்சினை வெளியே எடுத்து, விசிறியில்லாமல், காற்றுவடிகட்டியில்லாமல், சைலன்சர் இல்லாமல், தனியே ஒரு தாங்கியில் வைத்து அளந்து எழுதுவார்கள். இது எல்லாம் பூட்டிய கார். நான் அளப்பதும் சக்கரத்தில். கியர்பெட்டியும் அச்சும் தின்றதுபோக மிச்சம். புத்தகத்து முன்னூறுக்கு இந்த உருளையில் இருநூறு வந்தால் நல்ல எஞ்சின்."

"அப்படியென்றால் இரண்டாவது தடவை வந்த நூற்றித் தொண்ணூற்றாறு?" என்றேன்.

"அன்றைக்கே எஞ்சின் சரி. முதல் தடவைதான் விசித்திரம்." அவர் பரா அண்ணையின் பக்கம் திரும்பினார். "அன்று நீங்கள் போன பிறகு உருளை பிசுபிசுத்தது. எலுமிச்சை மணம். யாரோ லெமனேட்டை ஊற்றிவிட்டார்கள் என்று கழுவிவிட்டேன். இடுக்கில் இரண்டு விதை கிடந்தது. லெமனேட்டில் விதை இருக்காதே என்று பிறகுதான் யோசித்தேன். கிளச் வழுக்கியிருக்காது, ஈரத்தில் ரயர்தான் வழுக்கியிருக்கும். சொல்லத்தான் இருந்தேன். நீங்கள் புதுக் கிளச்சோடு வந்து நின்றீர்கள். இனிச் சொல்லி என்ன என்று விட்டுவிட்டேன்."

பரா அண்ணை தாளை நாலாக மடித்தார். பிறகு விரித்தார். "நன்றி, ஹெர் கிளாவிட்டர்" என்றார்.

திரும்பி வரும்போது ஒரு சிவப்பு விளக்கில் பரா அண்ணை காரை நிறுத்தினார்.

"கிளச் நல்லாயிருந்திருக்கு" என்றார்.

"யாகோப்பு அண்ணைதான் தேசிக்காயை வைச்சிருக்கிறார். நீங்கள் வேண்டாமெண்ட பிறகும்."

"எனக்காண்டி வைச்சவன், பிள்ளை. அவன்ர வேதத்திலை தேசிக்காய் இல்லை."

"வழுக்கினது அதாலைதான் எண்டு அவருக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"சீ. தெரிஞ்சா அப்பிடிக் கத்துவானோ?"

"இண்டைக்கே ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ அண்ணை. எல்லாம் உங்கட பிழையெண்டு நினைச்சுக்கொண்டு..."

"சொன்னா அவன் கவலைப்படுவான்."

"படட்டும்!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். பச்சை விழுந்திருந்தது.

"இவ்வளவு காலமும் என்ர பிழையா இருந்திட்டுது. எனக்குப் பழகிப்போச்சு. இப்ப அதை அவன்ர பிழையாக்கி அனுப்பினா, அங்கை இருந்து பழகிறதுக்கு அவனுக்கு எத்தினை வருசம் எடுக்கும்?"

சொன்னால் அவர் வெல்வார். யாகோப்பு பேசுவாரா என்பது தெரியாது. சொல்லாவிட்டால் முன்னூறைக் காட்டத் தோற்ற ஆளாகவே இருப்பார். அடுத்த நாள் அந்தத் தாளை ஒரு கடித உறையில் வைத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினார். அடியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'இவ்வளவுதான் மச்சான். முன்னூறு வராது.'

கராஜ் சுவரிலிருந்த விளம்பரப் பக்கத்தைக் கழற்றினார். கிளச் தகட்டையும் ஆணியிலிருந்து எடுத்து, துடைத்து, உதிரிப் பாகங்களோடு வைத்தார். அதை இனி யாருடைய காருக்காவது பூட்டலாம். அதன் பிறகு எஞ்சினில் அவர் கைவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காரைத் துடைப்பார், ஓடுவார், வந்து பூட்டுவார். செய்ய வேலை இல்லாத மனிதராக அவரைப் பார்ப்பது, பிழை தேடிக்கொண்டிருந்த மனிதராகப் பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. தபால்காரி வரும் நேரத்தில் வளவில் நிற்பார். கோடை போனது. குளிர் வந்தது. ஒரு ஞாயிறு நான் ஏறி இருந்து கதவைச் சாத்தியபோது, வேறு எதையோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சீற்றை வேணுமெண்டா முன்னுக்கு இழும்."

நான் இழுக்கவில்லை. கால் தொங்கினால் தொங்கட்டும் என்று இருந்தேன்.

இடையில் இரண்டு தடவை பயணம் போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து பெட்டியை வைத்ததும் அவர் வாசலில் நின்று கேட்பார், "அடுத்தது எங்கை?" நான் அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. கதவுக்குள்ளால் ரெலிபோன் மேசை தெரியும். கருவியின் சிவப்பு வெளிச்சம் அணைந்திருக்கும்.

1999 மார்கழியில், கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு, மத்தியானம், என் கதவைத் தட்டினார். கையில் எண்ணெய்த் துணி.

"பிள்ளை, ஒருக்கா வாரும். மெஷினிலை ஏதோ கிடக்கு."

அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு தடவை அல்ல. பொத்தானை என்னை அழுத்தச் சொல்லிவிட்டு, யன்னலடியில் போய் எனக்கு முதுகு காட்டி நின்றார். கீழே கராஜ் கதவு திறந்து கிடந்தது. முதலில் இரைச்சல். பிறகு நான் ஒருபோதும் கேட்டிராத, ஆனால் உடனே தெரிந்த ஒரு குரல்.

"பரா... நான் யாகோப்பு. உன்ர ஜேர்மனைக் கேட்டோண்ண ஆரோ கந்தோர்க்காரனெண்டு வைக்கப் பாத்தன். தாள் வந்தது மச்சான். வந்து கனகாலம். பிரிட்ஜிலை ஒட்டியிருக்கிறன். சின்னவள் கேக்கிறாள், இது என்ன மலை, அப்பா எண்டு... இருநூற்றி இருபத்தெட்டு. பரவாயில்லை... ஏன்ரா, இந்த முறை ஒருதரும் தேசிக்காய் வைக்கேல்லைத்தானே?"